உள்ளிருந்து தட்டுபவர்

முதல் நாள் காலை
இல்க்வார்ஸ் தன் வீட்டுக் கதவை
உள்ளிருந்து தட்டிக்கொண்டிருந்தார்.
மாடிப்படியில் நின்று கேட்டேன்.
இரண்டு தட்டு, இடைவெளி, மறுபடி இரண்டு.
யாராவது வந்து திறப்பார்கள் என்ற
முப்பத்தோரு வருடப் பொறுமை
அந்த இடைவெளியில் இருந்தது.

சாவி அவர் கழுத்தில்தான் தொங்கியது.

காட்டோரத்துப் பழைய மாளிகையில்
விளக்குச் சுவிட்சுகள் அறைக்கு வெளியே.
ஒன்பது மணிக்கு யாரோ இருட்டைப் போடுவார்கள்,
ஆறு மணிக்கு யாரோ எடுப்பார்கள்.
இங்கே ஸ்மில்டெனேயில், மூன்றாம் மாடியில்,
சுவிட்ச் கட்டிலிலிருந்து எட்டுகிற தூரம்.
முதல் வாரம் முழுக்க அவர் விளக்கை அணைக்கவில்லை.
மின்கட்டணம் பற்றிச் சொல்லத்தான் போனேன்.
சொல்லவில்லை.

ரொட்டியைக் கரண்டியால் அறுக்கப் பார்த்தார்.
அங்கே கஞ்சிக்கும் இறைச்சிக்கும் ஒரே கரண்டி.
கத்தியை நீட்டியபோது
என் முகத்தையும் கத்தியையும்
மாறி மாறிப் பார்த்துவிட்டு
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

காலரில் தைத்திருந்த நாற்பத்தேழை
பிரித்துவிடலாமா என்று கேட்டேன்.
“சலவையில் தொலைஞ்சுபோகுமே.”
இந்த இயந்திரத்தில் உங்கள் துணி மட்டும்தான் என்றேன்.
வெகுநேரம் யோசித்தார்.
“அப்போ தொலைச்சா நான்தான் தொலைக்கணும்.”
சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

கடையில் சோப்பு அடுக்கின் முன்
நாற்பது நிமிடம் நின்றோம்.
பதினேழையும் முகர்ந்து பார்த்தார்.
கடைசியில் ஒரு குப்பி கடுகு விழுது வாங்கிக்கொண்டு
வீடு திரும்பினோம்.

கீழ்வீட்டு ஸ்கைத்ரீதே
படியேறிப் படியேறிக் கையெழுத்து வாங்கினாள்.
அவர்கள்மேல் ஒன்றும் கோபமில்லையாம்,
குழந்தைகளை நினைத்துத்தான் பயமாம்.
அந்தக் கட்டடத்தில் குழந்தைகளே இல்லை.
அவளுடைய நாய் ஒன்று உண்டு,
அதற்கும் பதினான்கு வயது.

என்னிடம் ஒரு படிவம் இருக்கிறது.
பணம் கையாளுதல்: உதவியுடன்.
சமையல்: உதவியுடன்.
முடிவெடுத்தல் என்ற கட்டம்
இன்னும் காலியாக.
வில்னிஸுக்கு அதில் கட்டமே கிடையாது.

வில்னிஸ் பக்கத்துக் கட்டில்காரர்.
கைகள் சொன்ன பேச்சு கேட்காது அவருக்கு.
பத்தொன்பது வருடம்
அவருடைய ஷூ நாடாவைக் கட்டியவரை,
நகம் வெட்டி, தாடையில் நுரை பூசி
மயிரிழை தவறாமல் மழித்தவரை
உதவி தேவைப்படுபவர் என்று
நான்தான் எழுதி முத்திரை வைத்தேன்.

வில்னிஸின் முறை அடுத்த வருடம்.
இல்லாவிட்டால் அதற்கடுத்த வருடம்.
பட்டியல் ரீகாவில் இருக்கிறதாம்.

நவம்பரில், மூன்றரைக்கே இருட்டிவிட்ட ஒரு நாள்,
“பஸ் எத்தனை மணிக்கு?” என்றார்.
எங்கே போக என்றேன்.
“அங்கே.”
வயிற்றைப் பிசைந்தது.
உண்மையைச் சொன்னால்
முதலில் நினைவுக்கு வந்தது அவரல்ல,
நான் கொடுக்கவேண்டிய ஆறுமாத அறிக்கை.

“புதன்கிழமை அவனுக்குச் சவரம்,” என்றார்.
“அவங்க கன்னத்தை இழுத்துப் பிடிக்க மாட்டாங்க.
வெட்டிடுவாங்க.”

அன்றிலிருந்து புதன்தோறும் இரண்டு பேருந்து,
கோட்டுப் பையில் சவரக்கத்தி,
இன்னொரு பையில் கடுகு தடவிய ரொட்டி.
வாசற்காவலர் பார்வையாளர் ஏட்டை நீட்டுவாராம்.
வந்த காரணம் என்ற இடத்தில்
சவரம் என்று எழுதிவிட்டு,
எந்தக் கதவும் தட்டாமல்
நேரே உள்ளே போய்விடுவாராம்.

இன்று வியாழன். பத்து மணிக்குச் சந்திப்பு.
தட்டினேன். இரண்டு, இடைவெளி, இரண்டு.
“யாரு?”
அர்னிதா என்றேன்.
வறுத்த வெங்காய வாசம் வந்தது.
வானொலியில் யாரோ பனிச்சாலை பற்றி எச்சரித்தார்கள்.
“இன்னைக்கு வேண்டாம். நாளைக்கு வாங்க.”

படியில் உட்கார்ந்து
படிவத்தைத் தொடையில் வைத்துக்கொண்டேன்.
சந்திப்பு நிகழாத காரணம்.
குளிரில் பேனா எழுத மறுத்தது.
வாயருகே வைத்து ஊதி ஊதி
மை இறங்கியதும் எழுதினேன்:
வீட்டுக்காரருக்கு வேலை இருக்கிறது.

கீழே ஸ்கைத்ரீதேயின் நாய்
ஒரே ஒருமுறை குரைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது.
பத்தேகால் பஸ் போய்விட்டிருந்தது.